பலெர்மோவில் ஒரு மான்குண்டு

புதன், பிற்பகல்

விமானம் இறங்கும்போது இடப்பக்கம் முழுக்கக் கடல், வலப்பக்கம் முழுக்க மரமே இல்லாத சிவந்த பாறைமலை. ஓடுபாதை இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒளிந்திருந்தது. சக்கரம் தரையைத் தொட்டதும் பயணிகளில் பாதிப்பேர் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அன்று காலை நோர்வேயின் ஹாமார் நகரில் காரின் கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டிவிட்டுப் புறப்பட்டவள் நான். ஒஸ்லோ, ரோம், பலெர்மோ. இங்கே, இத்தாலியின் சிசிலித் தீவில், இருபத்தாறு பாகை வெயில்.

என் பெட்டியில் இருந்தவை: நூறு மீற்றரில் உள்ள துளையைப் பார்க்கக்கூடிய தூரநோக்கி, அளவுக்கருவி, காதுமூடி நான்கு, அத்தானுக்குக் கம்பளிக் காலுறை, அக்காவுக்குப் பழுப்புப் பாற்கட்டி. தோட்டா ஒன்றுகூட இல்லை. தோட்டாவைத் தேடித்தான் இந்தப் பயணமே.

பெரியம்மாவின் மகள் வதனி அக்கா இருபது வருடமாகப் பலெர்மோவில் ஒரு முதிய இத்தாலிய அம்மாவின், சினியோராவின், வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். நகரத்துக்குக் கிழக்கே, மடோனியே மலைகளின் அடிவாரத்தில், சினியோராவுக்குக் கொஞ்ச நிலம் உண்டு. சும்மா கிடந்த அந்த நிலத்தில் அக்காவும் அத்தானும் கத்தரி, வெண்டி, மிளகாய், பயித்தை பயிரிட்டு, பல்லாரோ சந்தையில் விற்கிறார்கள். மூன்று வருடம் நன்றாகப் போனது. பிறகு மான்கள் கண்டுபிடித்துவிட்டன. வேலி போட்டார்கள், தாண்டின. உயர்த்தினார்கள், கீழே முட்டிப் பிரித்தன. மலையில் மான் பெருகிவிட்டதால், பயிர்செய்பவர்களே பயிற்சி பெற்று, அனுமதியோடு, குறித்த எண்ணிக்கையில் சுடலாம் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. அக்கா துப்பாக்கி அனுமதி எடுத்தார். வகுப்பு முடித்தார். எழுத்துப் பரீட்சையில் இத்தாலிய மொழியிலேயே தேறினார். மிச்சம் சூட்டுப் பரீட்சை மட்டும். அது சனிக்கிழமை. தவறினால் அடுத்த தடவை எப்போது என்று யாருக்கும் தெரியாது. இன்னொரு பருவமும் மான் தின்றால் நிலத்தை ஆட்டுக்காரனுக்கு விட்டுவிடப்போவதாக சினியோரா சொல்லிவிட்டார்.

எனக்கு வந்த குரல்செய்தி இதுதான்: "அடியே அபி, நீ எல்க் சுடுறனி எல்லோ? வந்து எனக்கு ஒரு மான்சன்னம் தெரிவு செய்து தா. இஞ்சை ஆளுக்கொரு கதை சொல்லுறாங்கள்."

சன்னம் என்பது தோட்டாவின் முனை; எல்க் என்பது வடக்கின் பெரிய மான். குதிரையைவிட உயரம், அரைத்தொன் எடை. நான் உலோகங்களைப் பரிசோதிக்கும் பொறியாளர். இலையுதிர்காலத்தில் இரண்டு வாரம் விடுப்பு எடுத்து, எங்கள் ஊர் வேட்டைக்குழுவோடு காட்டுக்குப் போகிறவள். அக்கா கேட்ட கேள்வியில் என் வேலையும் என் விடுமுறையும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. அன்று மாலையே விமானச்சீட்டு எடுத்துவிட்டேன்.

விமான நிலையத்திலிருந்து நகரம் முப்பத்தைந்து கிலோமீற்றர், பேருந்துக் கட்டணம் ஆறரை ஈரோ. சீட்டை நீட்டியபோது சாரதி என் முகத்தைப் பார்த்து, நான் கேட்காமலே, "பல்லாரோ?" என்றார். தமிழர்கள் குடியிருப்பது அந்தச் சந்தையைச் சுற்றித்தான்; தலையாட்டினேன். "கடைசி நிறுத்தம், பிறகு நடை" என்று இரண்டு விரல்களால் நடந்து காட்டினார்.

புதன், மாலை

பல்லாரோவை ஒட்டிய அல்பெர்கேரியாவில் அக்காவின் வீடு மூன்றாம் மாடி. சந்தையின் கூச்சல் படிக்கட்டில் கூடவே ஏறி வருகிறது. கதவைத் திறந்தவர் ரஞ்சன் அத்தான். காலையில் சந்தையில் கத்தி விற்றுக் கம்மிப்போன குரல், நெற்றியில் மூன்று வரி திருநீறு. சுவாமித்தட்டில் இருந்த குத்துவிளக்கு, செம்பு, மணி எல்லாம் கண்ணைக் கூசவைத்தன. அந்த வீட்டில் பித்தளை மினுக்குவது அத்தானின் உரிமை. அக்கா தொட்டால்கூடப் பிடிக்காது.

இரவுச் சாப்பாடு புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். துப்பாக்கி அடுத்த அறையில், இரும்புப் பெட்டிக்குள். அதைப் பற்றிப் பேச்செடுத்ததும் அத்தானின் முகம் மாறியது.

"துவக்குச் சத்தம் கேட்டுக் கேட்டுத்தான் நாங்கள் ஊரை விட்டு இஞ்சை வந்து சேர்ந்தது. இப்ப உன்ரை கொக்கா அதைத் தேடிப் போய்க் கொண்டந்து வைச்சிருக்கிறா."

"அப்ப உங்கடை வெண்டிக்காயைத் தின்னுற மானுக்கு நீங்களே போய்த் தேவாரம் பாடிச் சொல்லிப் பாருங்கோவன்" என்றார் அக்கா.

"பாடினால் நிண்டு கேக்கும். உன்னை மாதிரி எழும்பிப் போகாது."

அக்கா சிரித்தார். அத்தான் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, நீ படிச்சனி. நல்ல சன்னம் எண்டு ஒண்டு உலகத்திலை இருக்கோ?"

தோட்டா என்பது முழுப் பொருள்: பித்தளைக் கோது, உள்ளே வெடிமருந்து, வாயில் பொருத்திய சன்னம். பறந்து போவது சன்னம் மட்டும். அத்தான் கேட்டது அதைப் பற்றி அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்த விதத்தில்தான் பதில் சொல்ல முடிந்தது.

"இருக்கு அத்தான். தனக்கு என்ன நடந்தது எண்டு மானுக்குத் தெரியிறதுக்கு முதலே முடிக்கிறது நல்ல சன்னம். அரைகுறையாப் பட்டு, அது ஓடித் திரிஞ்சு ஒரு பத்தைக்குள்ளை கிடந்து சாகவிடுறது கூடாத சன்னம். அதைத் தெரிவு செய்யத்தான் நான் வந்தது."

அவர் என் தட்டில் இன்னும் கொஞ்சம் புட்டு வைத்தார்.

வியாழன்

காலையில் அத்தானின் சிறு வான் வண்டியில் நிலத்துக்குப் போனோம். கடலோர நெடுஞ்சாலையில் ஐம்பது கிலோமீற்றர், பிறகு மலைப்பக்கம் திரும்பி மண்பாதை. வெண்டிச் செடிகளைப் பார்த்தேன்: நுனி எல்லாம் ஒரே உயரத்தில், யாரோ கத்தரிக்கோலால் வெட்டியதுபோல. கத்தரியில் காயை விட்டு இலையை மட்டும் தின்றிருந்தன. ஈரமண்ணில் குளம்புத் தடம். என் இரண்டு விரல் அகலம்தான். எல்க்கின் தடத்துக்குள் என் கை முழுவதும் அடங்கும்.

அத்தான் கடித்த செடிகளை ஒன்றொன்றாக நிமிர்த்திப் பார்த்துக்கொண்டு போனார். கடைசி வரிசையில் குந்தியிருந்து, "இது தழைக்கும்" என்றார். அடுத்ததைத் தொட்டு, "இது தழைக்காது" என்றார். எங்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

மாலை ஐந்து மணிக்கு நகரம் திரும்பி, வியா மக்வேதா என்ற பெருந்தெருவின் கூட்டத்தைக் கடந்து, கபோ சந்தையை ஒட்டிய சந்தில் உள்ள துப்பாக்கிக் கடைக்குப் போனோம். பதினைந்து நிமிட நடை. ஒரு பக்கத்தில் வாள்மீன் வெட்டுகிறார்கள், எதிர்ப்பக்கத்தில் துப்பாக்கிக் கடை. உரிமையாளர் சினியோர் கார்மேலோ, அறுபது வயதிருக்கும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுகிறவர். எனக்கு இத்தாலிய மொழி தெரியாது. அக்கா நடுவில் நின்று இரண்டு பக்கமும் கதைத்தார்.

எங்கள் தேவை இது. துப்பாக்கி சினியோராவின் காலஞ்சென்ற கணவருடையது. ஆறு மில்லிமீற்றர் குழல், பழையது. சன்னம் ஈயமில்லாததாக, முழுச் செம்பாக இருக்கவேண்டும் என்பது பரீட்சை நடத்துகிறவர்களின் விதி. இறைச்சியை மனிதர் தின்கிறார்கள், குடலைக் கழுகு தின்கிறது, இரண்டுக்கும் ஈயம் நஞ்சு. செம்புச் சன்னத்தில் கடையில் இருந்தவை இரண்டு எடை: 6.2 கிராம், 5.2 கிராம்.

நான் யோசிக்கவே இல்லை. எல்க்குக்கு ஒன்பது கிராமுக்குக் குறைந்த சன்னத்தை எங்கள் சட்டமே அனுமதிக்காது. நான் சுடுவது பதினொரு கிராம். எனக்கு இந்த இரண்டும் பயற்றங்கொட்டை மாதிரித் தெரிந்தன. "பாரமானது" என்றேன்.

கார்மேலோ உதட்டைப் பிதுக்கி அக்காவிடம் ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"உங்கடை தங்கச்சி மான் சுட வந்தவவோ, டாங்கி சுட வந்தவவோ எண்டு கேக்கிறார்."

"பாரம் கூடினால் ஆழமாப் போகும் எண்டு சொல்லுங்கோ."

"மானுக்குள்ளாலை போய் மறுபக்கம் எங்கடை கத்தரிக்காயிலை படப்போகுது. சின்னனையும் ஒரு பெட்டி எடுப்பம், பாப்பம்."

பாரமானது இருபது தோட்டா அறுபத்திரண்டு ஈரோ. இலேசானது ஐம்பத்தெட்டு. இரண்டும் வாங்கினோம். இலேசானதில் கடையில் இன்னும் ஒரேயொரு பெட்டிதான் இருந்தது. அதன்மேல் ஒட்டிய தாளில் 'நீனோ' என்று எழுதியிருந்தது. அவரும் சனிக்கிழமைப் பரீட்சைக்காரராம். வெளியே வந்து ஆளுக்கொரு அரஞ்சீனா தின்றோம், ஒன்று இரண்டரை ஈரோ. அரிசி உருண்டைக்குள் இறைச்சிக் கறி, கைகொள்ளாத அளவு.

வெள்ளி, காலை

நகரத்துக்கு வெளியே சூட்டுத்திடல். எனக்குச் சுட அனுமதி இல்லை, பார்க்கலாம், அளக்கலாம். அக்கா மேசைமேல் மணற்பையை வைத்து, துப்பாக்கியை அதில் படுக்கவைத்து, மூச்சை வெளியே விட்டு, அரைமூச்சில் நிறுத்திச் சுட்டார். இவ்வளவு அமைதியாக விசையை அழுத்துகிறவரை எங்கள் குழுவிலும் நான் கண்டதில்லை. முதலில் பாரமான சன்னம், ஐந்து. நான் தூரநோக்கியில் கண்ணை வைத்தேன்.

துளைகள் ஒரு சாப்பாட்டுத் தட்டளவுக்குச் சிதறிக் கிடந்தன. அதைவிட, ஒன்றும் வட்டமாக இல்லை. நீண்டு, ஒரு முனை அகன்று, சாவித் துவாரம் போல.

"அக்கா! சன்னம் பக்கவாட்டிலை போய் விழுந்திருக்கு!"

எனக்கு உடம்பே சிலிர்த்தது. புத்தகத்தில் படித்திருக்கிறேன்; கண்ணால் கண்டது முதல் தடவை. காரணமும் அப்போதே விளங்கியது. செம்பு ஈயத்தைவிட இலேசான உலோகம். ஆகவே அதே எடைக்குச் செம்புச் சன்னம் நீளமாக இருக்கும். நீளமானது நேராகப் பறக்க வேகமாகச் சுழலவேண்டும், பம்பரம் போல. சுழற்றுவது குழலுக்குள் வெட்டிய திருகுவரி. துப்பாக்கியைத் திறந்து வெறுமையாக்கி, சுத்தம் செய்யும் கம்பியில் துணியை இறுக்கிச் சுற்றி, குறியிட்டு, மெல்லத் தள்ளி அளந்தேன்: இருபத்தாறரை சென்ரிமீற்றருக்கு ஒரு சுற்று. இந்தக் குழலுக்கு அந்த நீளம் ஆகாது. வேகம் போதாமல் சன்னம் தள்ளாடுகிறது.

இனி இலேசான பெட்டி. நான்கு தோட்டா சுட்டு, துப்பாக்கிமேல் இருந்த பார்வைக்குழாயைக் குறிக்கு ஏற்பத் திருத்தினோம். அடுத்த நான்கும் ஒரு தேநீர்க் கோப்பையின் வாய்க்குள் அடங்கின. எல்லாம் வட்டத் துளை.

நான் துள்ளிக் குதித்தேன். அக்கா காதுமூடியைக் கழற்றி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பாரம், பாரம் எண்டு நிண்டாய். கார்மேலோவுக்கு முன்னாலை என்ரை மானம் போச்சு."

"எல்க் பழக்கமக்கா."

"எல்க்கை விட்டிட்டு இறங்கி வா. இது சிசிலி."

எடை மட்டுமல்ல காரணம். எல்க்கின் தோள் தடித்தது. அங்கே சன்னம் மெதுவாக விரிந்து, ஆழம் போகவேண்டும். இந்த மான் அறுபது, எழுபது கிலோ. பாரமான சன்னம் விரிவதற்குள் மறுபக்கம் போய்விடும். காயம்பட்ட மான் ஓடும். இலேசானது வேகமாகப் போய் உடனே மலரும். அத்தானின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பெட்டியில் மிச்சம் பன்னிரண்டு. பரீட்சைக்கு ஏழு தேவை: இரண்டு ஒத்திகை, ஐந்து கணக்கு, நூறு மீற்றரில் பதினைந்து சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் குறைந்தது நாலு.

மத்தியானம் வீட்டில் அத்தானிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்ப நல்ல சன்னம் அம்பிட்டிட்டுதோ?" என்றார். "ஓம் அத்தான், அந்தச் சின்னப் பெட்டிதான்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

வெள்ளி, மாலை

அன்று ஆயுத பூசை. எனக்குத் தரப்பட்ட வேலை பல்லாரோவுக்குப் போய்ப் பூ, வாழைப்பழம், வெற்றிலை வாங்குவது. வெற்றிலை தமிழ்க்கடையில் ஒரு கட்டு மூன்று ஈரோ. சந்தைக்காரர்கள் கத்துவது பாட்டுமில்லை, பேச்சுமில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு சண்டை. அத்தான் இந்தக் கூட்டத்தில் எப்படிக் கத்துவார் என்று யோசித்துக்கொண்டே படியேறினேன்.

சுவாமித்தட்டின் முன் எல்லாம் அடுக்கியாயிற்று. அத்தானின் சந்தைத் தராசு, மண்வெட்டி, அக்காவின் இஸ்திரிப்பெட்டி, புத்தகங்கள். நடுவில் ஒரு தாம்பாளம். தாம்பாளத்தில் பன்னிரண்டு தோட்டா, வட்டமாக, நுனி மேலே பார்க்க. பொன் மாதிரி மின்னின. ஒவ்வொன்றிலும் ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம்.

"வடிவா இருக்கோ?" என்றார் அத்தான்.

மிகவும் வடிவாகத்தான் இருந்தது. அப்போதுதான் குசினி வாசலில் இருந்த பாத்திரத்தைக் கண்டேன். பழுப்பு நிறத் தண்ணீர், அடியில் சக்கை.

"அத்தான், உதென்ன?"

"பழப்புளி. எல்லாத்துக்கும் கழுத்தடி கறுத்துப்போய்க் கிடந்துது. ஊறப் போட்டிட்டுச் சாம்பல் போட்டு மினுக்கினனான்."

"எவ்வளவு நேரம் ஊறினது?"

"ஒரு மணித்தியாலம் இருக்கும். ஏன் பிள்ளை?"

அக்கா சேலையைக் கட்டிக்கொண்டே அறையிலிருந்து வந்து, தாம்பாளத்தைப் பார்த்து, அப்படியே நின்றார். நாளைய பயணத்துக்கு எடுத்து வைக்கவென்று தோட்டாப் பெட்டியை இரும்புப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தவர் அவர்தான். மேசையில் வைத்துவிட்டு முழுகப் போய்விட்டார்.

நான் முடிந்தவரை மெதுவாகச் சொன்னேன். சன்னமும் கோதும் சந்திக்கும் விளிம்பு தண்ணீர் புகாத மூடி அல்ல. ஒரு மணித்தியாலம் ஊறினால் மருந்து ஈரமாகியிருக்கலாம், ஆகாமலும் இருக்கலாம். வெளியே பார்த்துச் சொல்லமுடியாது. ஈரமான தோட்டா வெடிக்காமல் போனால் நல்லது. அரைகுறையாக வெடித்தால் சன்னம் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் அக்காவின் முகத்துக்கு முன்னால் வெடிக்கும். புளி பித்தளைக்கும் ஆகாது. இவற்றில் ஒன்றைக்கூடச் சுட முடியாது.

அத்தான் சுவரோடு சாய்ந்து கீழே இருந்துவிட்டார்.

"துவக்கைக் கண்ணிலை காட்டாதை எண்டு ஆறு மாதமாக் கத்தினீங்கள்" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "இண்டைக்கெண்டு என்ன வந்தது உங்களுக்கு?"

"இவள் பிள்ளை சொன்னவள் எல்லோ. மான் நோகாமல் போறதுதான் நல்ல சன்னம் எண்டு. அப்பிடியெண்டால் சாமிக்கு முன்னாலை வைக்கலாம் எண்டு நினைச்சன்." கைகளைப் பார்த்தார், விரல்களில் இன்னும் புளிச்சக்கை. "நீ போறது எண்டு முடிவெடுத்திட்டாய். வெறும் ஆளாய் விடாமல், கும்பிட்டு அனுப்புவம் எண்டு."

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஏழு மணிக்குக் கொஞ்சம் இருந்தது. துப்பாக்கிக் கடை ஏழரைக்குப் பூட்டும்.

"அக்கா, அனுமதிப் பத்திரம்! கெதியா!"

வெள்ளிக்கிழமை மாலை வியா மக்வேதாவில் பலெர்மோ முழுவதும் உலாவுகிறது. ஐஸ்கிறீம், குழந்தை வண்டி, கிற்றார்க்காரன், கைகோத்த காதலர். அதற்குள்ளால் முதலில் நான், பின்னால் மாம்பழ நிறக் கூறைச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அக்கா, அவருக்குப் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிய அத்தான். தோட்டாக்கள் பெட்டிக்குள், பெட்டி அக்காவின் கைப்பையில், சந்தனப் பொட்டோடு. கலியாணத்துக்குப் பிந்திவிட்டோம் என்று நினைத்து ஒரு கிழவர் "அவுகூரி!" என்று வாழ்த்தினார்.

கார்மேலோ இரும்புக் கதவைப் பாதி இறக்கியிருந்தார். அக்கா குனிந்து உள்ளே போனார். தோட்டாக்களை மேசையில் வைத்து விளக்கினார். கார்மேலோ கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, ஒன்றை எடுத்து, முகர்ந்து பார்த்தார்.

"தமரிந்தோ?" என்றார். பிறகு கதிரையில் இருந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். இங்கே தெருவோரக் கடைகளில் புளிப்பாகு கலந்த குளிர்பானம் விற்கிறார்கள். சிறுவயதிலிருந்து குடிக்கிறாராம், துப்பாக்கிக்குக் கொடுக்கலாம் என்று தெரியாதாம். சிரித்து முடிந்ததும் முகம் மாறியது. இவற்றைத் தானே வாங்கி வைத்து முறைப்படி அழிக்கிறேன் என்றார். புதியது? பாரமானது வேண்டிய அளவு உண்டு. இலேசானது அந்த ஒரு பெட்டிதான், நீனோவுடையது. வாக்குக் கொடுத்துவிட்டேன், நாளைக் காலை போகும் வழியில் எடுக்கிறார், தர ஏலாது.

"பாரமானதைச் சுட்டால் ஒண்டும் வட்டத்துக்குள்ளை விழாது" என்றேன். அக்கா அதை மொழிபெயர்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெண்டி நுனிகள் என் கண்ணுக்குள் வந்து போயின.

அப்போது அத்தான் முன்னால் வந்தார். "அந்த ஆளின்ரை நம்பரை அடியுங்கோ" என்று கார்மேலோவிடம் சைகை செய்து, தொலைபேசியைக் கையில் வாங்கினார். பிறகு கத்தத் தொடங்கினார். இத்தாலிய மொழியல்ல, சந்தையின் சிசிலி மொழி. கம்மிப்போன அந்தக் குரலிலிருந்து இவ்வளவு சத்தம் எப்படி வந்ததோ! ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் காற்றில் எதையோ நிறுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்லுறார்?" என்று கிசுகிசுத்தேன்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். "பிழை முழுக்கத் தன்னிலையாம்... தன்ரை மனிசியைப்போலச் சுடுற ஆள் இந்தத் தீவிலை இல்லையாம்... பத்தே பத்து போதுமாம். இல்லாட்டில் பல்லாரோவிலை அவருக்கு இனி ஒரு கத்தரிக்காயும் கிடையாதாம்."

"அவர் அத்தானிட்டைக் கத்தரிக்காய் வாங்கிறவரோ?"

"ஆரெண்டே தெரியாது."

மறுமுனையிலிருந்து தொலைபேசிக்கு வெளியேயும் கேட்குமளவு ஒரு சிரிப்பு. நீனோ தன் பெட்டியில் பாதியைத் தரச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: தோட்டாவைக் குளிப்பாட்டிய மனிதரை நாளைக்கு நேரில் பார்க்கவேண்டும்.

கார்மேலோ பெட்டியைத் திறந்து பத்துத் தோட்டாவை எண்ணி, பதிவெழுதினார். நான் பெட்டியின் மடலில் இருந்த உற்பத்தி இலக்கத்தைப் பார்த்தேன். காலையில் நாங்கள் சுட்ட அதே தொகுதி; பார்வைக்குழாயை மறுபடி திருத்தத் தேவையில்லை. கார்மேலோவைக் கட்டிப்பிடிக்காதது ஒன்றுதான் குறை.

சனி

காலை ஒன்பது மணி, மலையடிவாரத் திடல். காற்று இல்லை, பெருஞ்சீரகச் செடியின் வாசம். பதினொரு பேர், அதில் பெண் அக்கா ஒருவர்தான். நீனோ பால்மாடு வளர்க்கிற, தோள் அகன்ற மனிதர், வந்ததும் வராததுமாக அத்தானின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, "தமரிந்தோ!" என்று எல்லோருக்கும் அறிமுகம் செய்தார். கதை ஐந்து நிமிடத்தில் திடல் முழுவதும் பரவிவிட்டது.

அக்காவின் முறை வந்தது. நான் தூரநோக்கியை நிறுத்தினேன். அத்தான் நான் கொடுத்த காதுமூடியைப் போட்டு, அதன்மேல் இரண்டு கையையும் வைத்து, இலக்குக்கு முதுகைக் காட்டிக் கடல் பக்கம் திரும்பி நின்றார்.

ஒத்திகை இரண்டும் வட்டத்துக்குள். பிறகு கணக்கு. முதலாவது நடுவில். இரண்டாவது அதைத் தொட்டுக்கொண்டு. மூன்றாவது வெளியே, இரண்டு விரல் மேலே. அக்கா அவசரப்படவில்லை. துப்பாக்கியை விட்டுக் கைகளை எடுத்து, சேர்த்துப் பிசைந்து, உதறி, மறுபடி வைத்தார். இதற்குமேல் இலக்கைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அத்தானின் முதுகைப் பார்த்தேன். வெடி. தோள் ஒருதரம் துள்ளியது. நெடுநேரம். வெடி. தோள் மறுபடி துள்ளியது.

தூரநோக்கியில் கண்ணை வைத்தேன். எண்ணினேன். இன்னொருதரம் எண்ணினேன்.

அத்தான் திரும்பாமலே கேட்டார்: "எத்தினை?"

"உள்ளுக்கை நாலு, அத்தான்."

"காணுமோ?"

"காணும்! காணும்! அக்கா தேறியிட்டா!"

அப்போதுதான் திரும்பினார். அக்கா துப்பாக்கியைத் திறந்து, வெறுமையாக்கி, பரிசோதகரிடம் காட்டிவிட்டு நடந்து வந்தார். அத்தான் சுடும் மேசைக்கடியில் குனிந்து, கிடந்த வெற்றுக் கோது ஏழையும் பொறுக்கி, வேட்டி முந்தியில் முடிந்துகொண்டார்.

ஞாயிறு, காலை

விமானம் பதினொன்றரைக்கு. பெட்டியில் இடம் மாறிய பொருட்கள்: பாற்கட்டியும் காலுறையும் போய், மிளகாய்த்தூளும் காயவைத்த கத்தரியும் வந்திருந்தன. நான் கற்றதை விமானத்தில் எழுதிக்கொள்ளவேண்டும் என்று நினைத்தேன்: முதலில் குழலை அள, பிறகு மிருகத்தைப் பார், கடைசியில்தான் கடைக்குப் போ. ஹாமாரில் என் எல்க் தோட்டாக்கள் பூட்டிய பெட்டிக்குள் மங்கலாகக் கிடக்கின்றன. அவற்றை எடுக்கும்போதெல்லாம் வேகமும் ஆற்றலும் பற்றி மட்டும் யோசித்திருக்கிறேன். அடுத்த வாரம் காட்டில் வேறொன்றையும் யோசிப்பேன்.

விடைபெறச் சுவாமித்தட்டின் முன் போய் நின்றேன். விளக்கு, செம்பு, மணி. பக்கத்தில் புதிதாக ஒன்று: கழுத்து ஒடுங்கிய சிறு பித்தளைக் கோது, பொன்னாக மினுங்கியபடி. அதன் வாயில் ஒரு ஊதுபத்தி, அளந்து செய்ததுபோலப் பொருந்தி நின்று புகைந்தது.

"மருந்து முடிஞ்ச கோது" என்றார் அத்தான், நான் வாய் திறக்குமுன். "இதை ஊறப் போடலாம் எல்லோ?"

"எவ்வளவு நேரமெண்டாலும் போடலாம்."

படிவரை என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சந்தை ஏற்கெனவே கத்தத் தொடங்கியிருந்தது. வாசலில் நின்று கேட்டார்:

"பிள்ளை, உங்கடை எல்க்கின்ரை தோட்டா இதைவிடப் பெரிசோ?"

"ஓம் அத்தான். வாய் நல்ல அகலம்."

கொஞ்சம் கணக்குப் பார்த்தார்.

"அப்ப ரெண்டு குச்சி நிக்கும். இந்தமுறை நோகாமல் சுட்டால், ஒண்டு எனக்கு எடுத்து வை."